போன் ஆப் "காற்று நல்லது" என்கிறது, இங்கே கண் எரிகிறது. ஊருக்குள் சென்சர் பூட்டினால் பிரயோசனம் உண்டா?

வயலோரம் எழுதியது:

வணக்கம். தம்பலகாமத்துக்கும் கிண்ணியாவுக்கும் இடையில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. பெயர் இப்போதைக்கு வேண்டாம், சொன்னால் எழுதினது யாரென்று நாளைக்கே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பிரச்சினை புகைதான். பெரும்போகம் வெட்டின கையோடு வைக்கோலுக்கு நெருப்பு வைக்கிறார்கள், சிறுபோகம் முடியவும் அதே கதை. அதுகூடச் சில கிழமையோடு போய்விடும். வருடம் முழுக்க இருப்பது ஒரு அரிசி ஆலை. புழுங்கல் போடுகிற ஆலை, உமி எரித்துத்தான் கொதிகலன் ஓடுகிறது. பகலில் பெரிதாக ஒன்றும் தெரியாது, ராத்திரி ஊர் அடங்கின பிறகுதான் புகைபோக்கியால் தள்ளுகிறது. விடிய எழும்பிப் பார்த்தால் கொடியில் கிடக்கிற உடுப்பு, கிணற்றுக் கட்டு, முற்றத்து வாழை இலை எல்லாவற்றிலும் கறுப்புத் தூள். இது போதாதென்று பின்னேரமானால் வளவுக்கு வளவு குப்பை எரிக்கிறார்கள், அதற்குள் பொலித்தீனும் சேர்த்துத்தான்.

அம்மாவுக்குத் தொய்வு. பம்ப் பக்கத்தில் இல்லாமல் படுப்பதில்லை. பக்கத்து ஒழுங்கையில் இரண்டு மூன்று சின்னப் பிள்ளைகளுக்கும் இழுப்பு இருக்கிறது.

போனில் காற்றுத் தரம் காட்டுகிற ஆப் ஒன்று போட்டிருக்கிறேன். யன்னல் எல்லாம் சாத்திவிட்டுக் கண் எரிய எரிய உட்கார்ந்திருக்கிற நேரத்தில் பார்த்தால் பச்சை நிறத்தில் "நல்லது" என்று காட்டுகிறது. முறைப்பாடு சொல்லப் போனாலோ "ஆதாரம் இருக்கா தம்பி" என்கிறார்கள்.

எங்கள் விளையாட்டுக் கழகத்துக்கு வெளிநாட்டில் இருக்கிற ஊர் ஆட்கள் கொஞ்சம் காசு அனுப்பியிருக்கிறார்கள். மைதானத்துக்கு லைட் போடுவோம் என்று பாதிப் பேர் நிற்கிறார்கள், காற்று அளக்கிற சென்சர் வாங்குவோம் என்று நானும் இன்னும் ஒன்றிரண்டு பேரும். வாங்கினால் எதை வாங்குவது, எங்கே பூட்டுவது, அது காட்டுகிற எண்ணை யாராவது கணக்கில் எடுப்பார்களா? விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். லைட்டே போடலாம் என்றாலும் பரவாயில்லை, அதையும் நேராகச் சொல்லுங்கள்.

---

மின்கம்பி (உப்புவெளி) பதில்:

முதலில் அந்த ஆப்பை நம்புவதை விடுங்கள். அது பொய் சொல்லவில்லை, ஆனால் உங்கள் ஊரை அது பார்க்கவும் இல்லை. பக்கத்தில் காற்று அளக்கிற நிலையம் எதுவும் இல்லாத இடத்துக்குப் பல ஆப்கள் காட்டுவது அளந்த எண் இல்லை, கணினி மாதிரி (மொடல்) கணக்குப் போட்டுத் தருகிற எண். ஐரோப்பாவின் கோப்பர்னிக்கஸ் திட்டம் உலகம் முழுக்கக் கொடுக்கிற காற்று மாதிரியில் ஒரு கட்டம் ஏறக்குறைய 40 கிலோமீற்றருக்கு 40 கிலோமீற்றர். அந்தக் கணக்கில் திருகோணமலை டவுன், சீனக்குடா, கிண்ணியா, தம்பலகாமம், கந்தளாய்க் காடு, பாதிக் கடல் எல்லாம் ஒன்றிரண்டு கட்டத்துக்குள் முடிந்துவிடும். அதற்குள் ஒரு ஆலையின் புகையைத் தேடுவது, கந்தளாய்க் குளத்தில் ஒரு செம்பு பாலை ஊற்றிவிட்டுத் தண்ணீர் வெளுத்திருக்கா என்று பார்க்கிற மாதிரி. ஆப்பில் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று எங்காவது சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், தேடிப் பாருங்கள்.

இனி சென்சர். வீட்டுக்கு வாங்கக்கூடிய எல்லாமே ஒரே வேலையைத்தான் செய்கின்றன. சின்ன விசிறி ஒன்று காற்றை உள்ளே இழுக்கும், அதன் குறுக்கே லேசர் ஒளி போகும், தூசு பட்டுச் சிதறுகிற ஒளியை வைத்து பிஎம் 2.5 எவ்வளவு என்று கணக்குப் போடும். பிஎம் 2.5 என்றால் 2.5 மைக்ரோனுக்குக் குறைந்த துகள், நுரையீரலின் அடிவரைக்கும் போகக்கூடியது. பர்ப்பிள்எயர், ஏர்கிரேடியன்ட் என்கிற இரண்டு கம்பனிக் கருவிகளின் உள்ளேயும் இருப்பது பெரும்பாலும் பிளான்ரவர் கம்பனியின் சென்சர். ஏர்கிரேடியன்ட் தன் வரைபடம், புரோகிராம் எல்லாவற்றையும் திறந்து வைத்திருக்கிறது, சோல்டரிங் தெரிந்த பொடியன் ஒருவன் ஊரில் இருந்தால் கிட்டாக வாங்கிப் பொருத்தலாம். ஜெர்மனியில் ஸ்ருட்கார்ட்டில் 2015இல் தொடங்கின சென்சர் கொம்யூனிட்டி என்கிற வலையமைப்பு இருக்கிறது, அதற்கு ஆட்கள் அதிகம் பாவித்தது எஸ்டிஎஸ்011 என்கிற சென்சர். மலிவு. ஆனால் அதன் லேசருக்கு 8000 மணித்தியாலம் என்று கம்பனியே எழுதியிருக்கிறது. நிறுத்தாமல் ஓட விட்டால் ஒரு வருடத்துக்குள் முடிந்துவிடும், ஆகவே இரண்டரை நிமிடத்துக்கு ஒருதரம் எழுந்து அளந்துவிட்டுப் படுக்கிற மாதிரித்தான் அதை ஓட்டுவார்கள்.

எதை வாங்கினாலும் ஒன்று வாங்காதீர்கள், இரண்டு வாங்குங்கள். ஒன்று மட்டும் இருந்தால் அது பழுதாகிற அன்றைக்கு உங்களுக்கே தெரியாது. இரண்டையும் முதலில் ஒரே கூரைக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் ஒரு கிழமையாவது ஓட விட்டு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள், அப்புறம் பிரித்துப் பூட்டலாம்.

இன்னொரு முக்கிய விஷயம் ஈரப்பதம். இது கொழும்பில் இருக்கிறவர்களை விடக் கடலோரத்தில் இருக்கிற எங்களுக்குத் தலையிடி. விடியப்புறம் ஈரப்பதம் 80, 85 சதவீதத்துக்கு மேல் போனால் துகள்கள் தண்ணீரைக் குடித்து ஊதிவிடும், உப்புத் துகள் சொல்லவே வேண்டாம். லேசருக்கு அது தண்ணீரா புகையா என்று தெரியாது. எண் ஏறும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகவரகம் பர்ப்பிள்எயருக்கு ஒரு திருத்தக் கணக்கு வைத்திருக்கிறது: சென்சர் காட்டுகிற எண்ணை 0.524ஆல் பெருக்கி, ஈரப்பத சதவீதத்தை 0.0862ஆல் பெருக்கி அதைக் கழித்து, 5.75ஐக் கூட்ட வேண்டும். சென்சர் 60 காட்டுகிறது, ஈரப்பதம் 85 என்று வையுங்கள், திருத்தினால் ஏறக்குறைய 30தான் வரும். சரி பாதி! அது அமெரிக்கக் காற்றை வைத்துச் செய்த கணக்கு, உமிப் புகைக்கும் திருகோணமலைக் காற்றுக்கும் அப்படியே பொருந்தும் என்று சத்தியம் பண்ண முடியாது. ஆனாலும் திருத்தாத எண்ணைத் தூக்கிக்கொண்டு சபைக்குப் போய் நிற்பதை விட எவ்வளவோ மேல்.

---

கிண்ணியா_நானா பதில்:

தம்பி, கோபிக்காதீங்க, விவசாயி பக்கத்துக் கதையையும் கொஞ்சம் கேளுங்க.

முந்தி கையால் வெட்டிக் களத்தில் சூடடித்த காலத்தில் வைக்கோல் எல்லாம் ஒரே இடத்தில் குவியும். மாட்டுக்குப் போகும், கூரைக்குப் போகும், மிஞ்சினதைத்தான் எரித்தோம். இப்போது அறுவடை மெஷின் வயல் முழுக்க அதைப் பரப்பிவிட்டுப் போய்விடுகிறது. கூட்டி அள்ள ஆள் கூலி கொடுத்தால் அந்தப் போகத்து லாபம் அதிலேயே போகும். உழுது மடிக்கலாம், நல்லதுதான், ஆனால் உக்குவதற்கு நாளும் தண்ணீரும் வேண்டும், குளத்துத் தண்ணீர் எப்போது திறப்பான் என்று பார்த்துக்கொண்டு இருக்கிற நாங்கள் அதற்குக் காத்திருக்க முடியுமா? எரித்தால் ஒரு பின்னேரத்தில் வயல் வெளித்துவிடும். எரிக்கிறது சரி என்று நான் சொல்லவில்லை. வைக்கோலில் இருக்கிற நைதரசன் பூராகவும் புகையாய்ப் போகிறது என்று விவசாயப் போதனாசிரியர் சொல்லும்போது தலையாட்டுகிறோம், 2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் நிறுத்தினபோது அந்தக் கதை எங்கள் எல்லோருக்கும் நல்லாகவே விளங்கினது. ஆனாலும் எரிக்கிறோம், ஏனென்றால் கணக்கு அப்படித்தான் வருகிறது.

எனக்கு ஒரு பயம் இருக்கிறது. நீங்கள் சென்சர் பூட்டி, எண் எடுத்து, பேப்பரில் போட்டு, கடைசியில் தண்டம் கட்டுகிறது யார்? இரண்டு ஏக்கர் வயல்காரன். ஆலைக்காரன் ஒரு போனில் முடித்துவிடுவான். அதை யோசித்துச் செய்யுங்கள்.

---

வயலோரம்:

நானா, நானும் வயல் வீட்டுப் பிள்ளைதான், விளங்குகிறது. வைக்கோலுக்காக யாரையும் மாட்டிவிடுகிற எண்ணம் இல்லை. அது வருகிற காலம் ஊருக்கே தெரியும், அந்தக் கிழமைகளில் அம்மாவை டவுனில் அக்கா வீட்டில் கொண்டுபோய் விடுகிறோம். ஆலைதான் வருடம் பூரா. ஆனால் நீங்கள் சொன்னது உண்மை, சென்சர் இரண்டையும் சேர்த்துத்தான் காட்டும், பிரித்துக் காட்டாது. மின்கம்பி அண்ணா, இதுதான் வைக்கோல், இதுதான் உமி, இதுதான் குப்பை என்று எண்ணை வைத்துப் பிரிக்க வழி இருக்கிறதா?

உடுப்பில் விழுகிற அந்தக் கறுப்புத் தூளையும் இது அளக்குமா? ஊர் ஆட்கள் அதிகம் சத்தம் போடுவது அதற்குத்தான்.

---

பழைய_கந்தோர் பதில்:

சுற்றாடல் சம்பந்தப்பட்ட அரச வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் காசைக் கொட்டிவிட்டு ஏமாறுகிறார்கள்.

அளக்காது. உமிச்சாம்பல் தூள், சீமெந்துத் தூசு, கிரவல் ரோட்டுப் புழுதி, இவையெல்லாம் பெரிய துகள். மலிவுச் சென்சரின் விசிறிக்கு அவற்றை ஒழுங்காக உள்ளே இழுக்கவே சக்தி போதாது. திரையில் பிஎம் 10 (10 மைக்ரோன் வரையான துகள்) என்று ஒரு எண் வரும், அது சின்னத் துகளை எண்ணிவிட்டுப் பெரியது இவ்வளவு இருக்கலாம் என்று அனுமானித்துப் போடுகிற எண். கூரை எல்லாம் கறுத்துக் கிடக்கும், சென்சர் பேசாமல் இருக்கும். ஆலைக்காரரின் ஆள் வந்து "பாருங்கள், உங்கள் மெஷினே சுத்தம் என்கிறது" என்று உங்கள் கருவியை வைத்தே உங்களை மடக்கிவிடுவார்.

விழுகிற தூளுக்குப் பழைய முறைதான் நல்லது. வாய் அகன்ற ஒரே அளவுப் போத்தல்களை ஆலைக்கு நான்கு பக்கமும், ஆள் உயரத்துக்கு மேலே, மரக்கிளை இல்லாத இடத்தில் வைத்து ஒரு மாதம் விடுங்கள். மாத முடிவில் விழுந்ததைக் காயவைத்து நிறுத்துப் பாருங்கள். பாடசாலை ஆய்வுகூடத் தராசு போதும். நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி, உமியை எரித்தால் அதிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும், அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. பெரிய ஆலை ஒன்று ஒரு நாளைக்கு எவ்வளவு நெல் அவிக்கிறது என்று தெரிந்தால் எவ்வளவு சாம்பல் உண்டாகிறது என்று நீங்களே கணக்குப் போடலாம். அது எங்கே கொட்டப்படுகிறது என்று கேட்பது புகைபோக்கியைப் பற்றிக் கேட்பதை விடச் சில நேரம் கூடிய பலன் தரும். திறந்த வெளியில் கொட்டினால் கச்சான் காற்றுக்கு அதுவே ஊர் முழுக்கப் பறக்கும்.

இனிச் சட்டம். 2008இல் வந்த வர்த்தமானியின்படி நம் நாட்டில் பிஎம் 2.5க்கு 24 மணித்தியால சராசரி ஒரு கன மீற்றருக்கு 50 மைக்ரோகிராம், வருடச் சராசரி 25. உலக சுகாதார நிறுவனம் 2021இல் தன் வழிகாட்டலை 24 மணித்தியாலத்துக்கு 15, வருடத்துக்கு 5 என்று இறக்கிவிட்டது. நாங்கள் இன்னும் 50இல் நிற்கிறோம். ஆப்களில் வருகிற ஏக்யூஐ, அதாவது காற்றுத் தரச் சுட்டெண், பெரும்பாலும் அமெரிக்க அளவுகோல், அதில் 50 மைக்ரோகிராம் என்றால் ஏக்யூஐ 137 அளவுக்குப் போய்ச் செம்மஞ்சள் நிறம் காட்டும். நம் சட்டத்தில் அது இன்னும் எல்லைக்குள்தான்.

அந்தச் சராசரியில்தான் உங்கள் ஊர் அடிபடுகிறது. ராத்திரி நான்கு மணித்தியாலம் 180, மற்ற இருபது மணித்தியாலமும் 15 என்று வையுங்கள். நாள் சராசரி 42.5. சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை. உங்கள் அம்மா மூச்சு முட்டி எழும்பி உட்கார்ந்திருந்த அந்த நான்கு மணித்தியாலம் அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை. ஆகவே "சட்ட எல்லையைத் தாண்டிவிட்டது" என்று நிரூபிக்கப் போகாதீர்கள், பெரும்பாலும் தோற்பீர்கள். மலிவுச் சென்சரின் எண்ணை நீதிமன்றம் ஏற்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். அதற்கு வடிதாளில் 24 மணித்தியாலம் காற்றை இழுத்து, முன்னும் பின்னும் அந்தத் தாளை நிறுத்துப் பார்க்கிற கருவி வேண்டும், பழகின ஆளும் வேண்டும்.

உங்களுக்குக் கைகொடுக்கப் போவது நேரம். எத்தனை மணிக்கு ஏறுகிறது, எத்தனை மணிக்கு இறங்குகிறது, ஆலை பூட்டிக் கிடந்த நாளில் ஏறினதா இல்லையா. ஒரு மாதத்து வரைபடத்தைப் போட்டு, ஆலை ஓடின ராத்திரிகளையும் ஓடாத ராத்திரிகளையும் வேறு நிறத்தில் காட்டினால் அதைப் பார்த்துவிட்டு "ஆதாரம் இருக்கா" என்று கேட்பது கஷ்டம்.

அதோடு ஆலைக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் கொடுப்பது. சின்னத் தொழில் என்றால் உள்ளூராட்சி சபை கொடுக்கும், பெரியது என்றால் மத்திய சுற்றாடல் அதிகாரசபை. அதில் நிபந்தனைகள் எழுதியிருக்கும், புகை எப்படி, சாம்பல் எப்படி என்று. அதன் பிரதியை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள், 14 வேலை நாளுக்குள் தருகிறோம் அல்லது இல்லை என்று முடிவு சொல்ல வேண்டும். நிபந்தனை என்னவென்று தெரியாமல் மீறல் என்று கத்துவதில் பிரயோசனம் இல்லை. எதுவும் சரிவராவிட்டால் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் 98ஆம் பிரிவு இருக்கிறது, பொதுத் தொல்லை என்று நீதவான் முன்னால் போகலாம். அங்கே மைக்ரோகிராம் கணக்கை விட ஊர் ஆட்களின் சாட்சியம்தான் பேசும்.

குப்பை எரிப்பதற்கு எந்தச் சென்சரும் தேவையில்லை. பிளாஸ்ரிக் சேர்ந்த குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பதைத் தடை செய்து 2017 செப்ரெம்பரிலேயே வர்த்தமானி வந்துவிட்டது. யார் மதிக்கிறார்கள் என்பது வேறு கதை.

---

நிலாவெளி_அக்கா பதில்:

வீடு வீடாகப் போகிற சுகாதார வேலையில் இருக்கிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், ஆலைக்காரருக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

சென்சர் வந்தால் வெளியில் பூட்டுவதற்கு முதல் ஒரு நாள் குசினிக்குள் வைத்துப் பாருங்கள். 2022இல் கேஸ் இல்லாமல் வரிசையில் நின்றோமே, அப்போது விறகுக்குத் திரும்பின எத்தனையோ வீடுகள் கேஸ் வந்த பிறகும் விலையைப் பார்த்துவிட்டு விறகோடேயே நின்றுவிட்டன. பின் சுவரோடு ஒட்டின தகரக் கொட்டில், புகை போக வழி இல்லை, அம்மா அதற்குள்தான் விடியக்காலை குந்தியிருக்கிறார். நூற்றுக்கணக்கில் எண் ஏறும், நீங்களே பார்ப்பீர்கள். ஆலைப் புகை வீட்டுக்கு வர முதல் காற்றில் கரைந்து ஐதாகிவிடும், அடுப்புப் புகை நேரே முகத்துக்குத்தான்.

நுளம்புத்திரியும்தான். ஒரு சுருள் எரிந்து முடியும்போது 75 முதல் 137 சிகரெட் எரித்த அளவு நுண்துகள் வருகிறது என்று 2003இல் வந்த ஒரு ஆய்வு சொல்கிறது. தொய்வுக்காரர் படுக்கிற அறையில், யன்னலையும் சாத்திக்கொண்டு, ராத்திரி முழுக்க அதை ஏற்றி வைத்திருக்கிற வீடு எனக்கு எத்தனையோ தெரியும். ஆலைப் புகைக்குப் பயந்து யன்னலைச் சாத்துகிறீர்கள், உள்ளே திரி புகைகிறது. வயலோரம் தம்பி, உங்கள் வீட்டில் எப்படி என்று தெரியாது, ஒருக்கால் பாருங்கள். நுளம்பு வலை போட்டால் அந்தப் பிரச்சினை அன்றைக்கே முடிந்துவிடும்.

---

மின்கம்பி:

அக்கா சொன்னது முழுக்கச் சரி. ஆனால் குசினியில் விறகு எரிகிறது என்பதற்காக ஆலை எரிக்கலாம் என்று ஆகிவிடாது. இரண்டும் தனித் தனி.

வயலோரம் கேட்ட பிரிக்கிற விஷயம். சென்சருக்குப் புகையின் ஊர் பேர் தெரியாது. ஆனால் மூன்று விஷயத்தை வைத்து ஓரளவு பிரிக்கலாம்.

நேரத்தைப் பார்ப்பது முதலாவது, அதைப் பழைய கந்தோர் ஐயா சொல்லிவிட்டார். குப்பை பின்னேரம், அடுப்பு விடியவும் பொழுதுபடவும், ஆலை ராத்திரி. ஒன்று கவனியுங்கள், ராத்திரியில் நிலம் குளிர்ந்து காற்று அடங்கிப்போனால் அதே அளவு புகை கீழேயே தங்கி எண்ணைக் கூட்டிக் காட்டும். பகலில் வெயில் ஏறினதும் புகை மேலே கலைந்துவிடும். ஆகவே ராத்திரி ஏறுகிறது என்பதை மட்டும் வைத்து ஆலைதான் என்று சொல்ல முடியாது, ஆலை ஓடாத ராத்திரியோடு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

அடுத்தது காற்றுத் திசை. இங்கேதான் இரண்டு சென்சர் வேண்டும் என்று நான் சொன்னதற்குப் பலன். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை கச்சான் மேற்கே இருந்து அடிக்கும், மார்கழி தை மாதங்களில் வாடை வடகிழக்கில் இருந்து வரும். ஆலைக்கு மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று பூட்டினால், கச்சான் காலத்தில் மேற்கில் இருப்பது ஆலைக்கு வர முதல் இருக்கிற காற்றை அளக்கும், கிழக்கில் இருப்பது ஆலையைத் தாண்டி வருகிற காற்றை. இரண்டுக்கும் வித்தியாசம்தான் உங்கள் ஆதாரம். ராத்திரியில் தரைக்காற்று வேறு மாதிரித் திரும்பும், அதனால் ஒரு தடியில் துணி நாடா கட்டிவிட்டு, கழகத்துப் பொடியன்கள் யாராவது போகும்போது வரும்போது திசையை வட்ஸ்அப் குழுவில் போடட்டும். வைக்கோல் எரிகிற காலத்துக்கு நாசாவின் ஃபேர்ம்ஸ் (FIRMS) என்கிற தளம் இருக்கிறது, செய்மதி பார்த்த நெருப்புகளை வரைபடத்தில் புள்ளி புள்ளியாகக் காட்டும், இலவசம். செய்மதி நடுப்பகலுக்குப் பிறகு ஒருதரம், நடுச்சாமத்துக்குப் பிறகு ஒருதரம் கடக்கும், ஆகவே பின்னேரம் வைத்துப் பொழுதுபட அணைந்த சின்ன நெருப்பு அதில் விடுபட்டுப் போகலாம்.

மூன்றாவதை ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். எல்லாப் புகையும் இங்கே உண்டானது இல்லை. 2022 டிசெம்பரில் மண்டூஸ் புயல் வங்கக் கடலில் நின்றபோது இந்தியப் பக்கத்து அழுக்குக் காற்று நாடு முழுக்க வந்து மூடினது ஞாபகம் இருக்கும், 9ஆம் திகதி பாடசாலைகளைக் கூட மூடினார்கள். அன்றைக்கு உங்கள் ஊரில் சென்சர் இருந்திருந்தால் ஆலை ஓடினாலும் ஓடாவிட்டாலும் எண் உச்சத்தில் நின்றிருக்கும். வாடைக் காலத்தில் சின்ன அளவில் இப்படி அடிக்கடி நடக்கலாம். அதைக் கண்டுபிடிப்பது சுலபம். இரவு பகல் வித்தியாசம் இல்லாமல் இரண்டு சென்சரும் ஒரே மட்டத்தில் உயர்ந்து நிற்கும், கொழும்பு யாழ்ப்பாண எண்களும் சேர்ந்து உயரும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடுகிற தரவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முன்பு பல நாடுகளில் அமெரிக்கத் தூதரகக் கருவிகளின் எண்ணையும் பார்க்க முடிந்தது, 2025 மார்ச்சில் அந்தத் தரவைப் பகிர்வதை நிறுத்திவிட்டார்கள். நமக்கென்று நாமே அளந்து வைத்திருப்பது நல்லது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

---

கிண்ணியா_நானா:

இந்தக் காற்றுத் திசைக் கதை எனக்குப் பிடித்திருக்கிறது. அப்படியென்றால் வயல்காரன் எரிக்கிறதும் ஆலை எரிக்கிறதும் வேறு வேறாகத் தெரியும் என்கிறீங்க. சரி, அதைச் செய்யுங்க, ஆனால் வெட்டு முடிந்த அந்தக் கிழமைகளின் எண்ணை மறைக்கவும் வேண்டாம். மறைத்தால் ஆலைக்காரன் அதைத்தான் பிடிப்பான். கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் நானே கொண்டுபோய்க் காட்டுகிறேன். வைக்கோலைக் கட்டுகிற மெஷின் ஒன்றை அமைப்புக்குப் பொதுவில் எடுக்க வேண்டும் என்று நாங்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம், அதற்கும் ஒரு கடதாசி ஆதாரமாய்ப் போகட்டும்.

மற்றது, ஆலையில் வேலை செய்கிறதும் நம் ஊர்ப் பிள்ளைகள்தான். முதலாளியிடம் போகாமல் நேரே மேலே முறைப்பாடு எழுதினால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது அவர்கள். எண் கொஞ்சம் சேர்ந்த பிறகு பள்ளிவாசல், கோயில் ஆட்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு ஒருதரம் போய்க் கதையுங்க. புகைபோக்கியில் சாம்பலைப் பிடிக்கிற சுழற்சிப் பெட்டி பூட்டின ஆலைகள் இருக்கின்றன, முடியாத காரியம் இல்லை.

---

பழைய_கந்தோர்:

நானா சொல்கிற அந்தப் பெட்டி பெரிய தூளைத்தான் பிடிக்கும், நுண்ணிய புகையை அவ்வளவாகப் பிடிக்காது. உடுப்புக் கறுப்பது குறையும், தொய்வு குறையுமா என்றால் தெரியாது. புகை குறைய வேண்டுமென்றால் உமி நன்றாக எரிய வேண்டும், ஈர உமியைத் திணித்து, காற்று போதாமல் எரித்தால் எந்தப் பெட்டி பூட்டினாலும் புகை வரும். கதைக்கப் போகும்போது இரண்டையும் கேளுங்கள், ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விட்டுவிடுவார்கள்.

---

வயலோரம்:

எல்லோருக்கும் நன்றி. நேற்றுக் கழகக் கூட்டத்தில் இந்தப் பதில்களை வாசித்துக் காட்டினேன். இரண்டு சென்சர் வாங்குவது என்று முடிவு, மிஞ்சுகிற காசுக்கு மைதானத்தில் ஒரு லைட் (அதற்கும் சமாதானம் செய்ய வேண்டி இருந்தது). ஒன்று முன்பள்ளிக் கூரை ஓரத்தில், மற்றது ஆலைக்கு மேற்கே ஒரு மாமாவின் வீட்டில். போத்தல் வைக்கிற வேலையைப் பாடசாலை விஞ்ஞான ரீச்சர் பிள்ளைகளோடு சேர்ந்து செய்கிறேன் என்றிருக்கிறார். உரிமப் பிரதிக்குத் தகவல் அறியும் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா, நுளம்புத்திரி எங்கள் வீட்டிலும் இருந்தது. வலை வாங்கியாயிற்று, அம்மா புறுபுறுத்துக்கொண்டு அதற்குள் படுக்கிறார்.

கடைசியாக ஒன்று. மாமா வீட்டில் வைஃபை இல்லை, கரண்டும் அடிக்கடி போகும். அதோடு அந்தச் சுவர் முழுக்கப் பல்லியும் எறும்பும். சமாளிக்கலாமா?

---

மின்கம்பி:

வைஃபைக்கு சிம் போட்ட டொங்கிள் ஒன்று போதும், அனுப்புகிற தரவு மிகச் சொற்பம். சென்சர் போன் சார்ஜரில் ஓடுகிற சாமான், இடையில் ஒரு பவர் பாங்க் மாட்டிவிட்டால் சில மணித்தியாலம் தாங்கும். சார்ஜ் ஏறிக்கொண்டே வெளியேயும் கரண்ட் கொடுக்கிற வகையாகப் பார்த்து வாங்குங்கள், சிலது அப்படிக் கொடுக்காது. நிலத்தில் இருந்து ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, மழைச் சாரல் படாமல், குசினிப் பக்கத்தையும் ரோட்டுப் பக்கத்தையும் தவிர்த்துப் பூட்டுங்கள்.

பூச்சிதான் உண்மையான எதிரி. சிலந்தி ஒன்று உள்ளே வலை கட்டினாலே எண் தாறுமாறாகப் போகும். காற்று நுழைகிற துளைக்கு நுளம்பு வலைத் துணி போதும், அதை விட நெருக்கமான துணி போடாதீர்கள், விசிறி இழுக்க முடியாமல் திணறும். சுவரில் நேரே அடிக்காமல் ஒரு கம்பியில் தொங்கவிட்டு, அந்தக் கம்பியில் கிறீஸ் பூசிவிடுங்கள், எறும்பு ஏறாது. உப்புக் காற்றுக்குக் கிறீஸ் காய்ந்துவிடும், மாதம் ஒருதரம் திரும்பப் பூசச் சொல்லி மாமாவிடம் சொல்லி வையுங்கள்.